சிறப்பு இல்லம்

குற்றம் புரிந்ததாக இளைஞர் நீதிக் குழுமம் முடிவுசெய்த சிறாரை அதிகபட்சம் 3 ஆண்டு தங்கவைத்துத் திருத்தும் இடம். தமிழ்நாட்டில் மிகப் பழையது செங்கல்பட்டில் உள்ளது. 1887இல் சீர்திருத்தப் பள்ளியாகத் தொடங்கியது.

உதாரணமாக, திருவாரூர் மாவட்ட நன்னிலத்துப் பையன் ஒருவன் குற்றத்தில் சிக்கினால் வழக்கு திருவாரூர்க் குழுமத்துக்குப் போகும். விசாரணைக் காலத்தில் அவனை வைப்பது தஞ்சாவூர் கூர்நோக்கு இல்லத்தில். விலங்கு கிடையாது. குழுமத்தின் மாஜிஸ்திரேட்டும் இரு சமூகப் பணியாளர்களும் மேடையில்லாமல் அவனுக்குச் சமதளத்திலேயே உட்கார வேண்டும் என்கிறது விதி. சின்ன விஷயம்தான், ஆனால் பயந்துபோன பையன் வாய் திறப்பது அதில்தான் இருக்கிறது.

கொலை போன்ற கொடுங்குற்றத்தில் கதை வேறு. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி, 16 வயது கடந்தவனின் மனநிலை, விளைவை உணரும் திறன், குற்றச் சூழல் ஆகியவற்றைக் குழுமம் எடைபோட்டு, வேண்டுமானால் சிறார் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். தண்டனை பெற்றாலும் 21 வயதுவரை சிறையில்லை, பாதுகாப்பு இடம்தான். அங்கே படிப்பு, தொழிற்பயிற்சி, மனநல ஆலோசனை. 21இல் மறுபரிசீலனை. திருந்தியவன் வெளியே வரலாம். இல்லையேல் மீதிக்காலம் சிறை. தூக்கு கிடையாது.

ஏட்டில் உள்ளது இது; நடைமுறை எப்போதும் அப்படியில்லை. 2022 டிசம்பரில் செங்கல்பட்டு இல்லத்தில் 17 வயதுச் சிறுவன் அடிபட்டு இறந்தான், ஊழியர்கள் கைதாயினர். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு, இத்தகைய இல்லங்கள் குறித்து 2023இல் அறிக்கை அளித்தது.