தேக்கைத் தேய்த்தது கடல் அல்ல



இன்று கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள், பரீட்சை வைக்க மாட்டேன்.

ஆங்கிலத்தில் 'டீக்' என்கிறோமே, அது நம் பக்கத்துச் சொல்தான். தமிழிலும் மலையாளத்திலும் இருக்கும் 'தேக்கு' போர்த்துகீசியர் வாயில் 'டேக்கா' ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. சொல் போன வழியிலேயே மரமும் போனது.

கப்பல் கட்ட ஐரோப்பாவில் ஓக் மரம் இருந்தது. ஆனால் ஓக்கில் உள்ள அமிலம் இரும்பு ஆணியை அரித்துவிடும். தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு. ஆணியையும் அரிக்காது, கரையானும் எளிதில் அண்டாது, நனைந்து காய்ந்தாலும் அதிகம் கோணாது. 1860-இல் பிரிட்டன் கடலில் இறக்கிய 'வாரியர்' என்ற இரும்புப் போர்க்கப்பலின் கவசம் நாலரை அங்குல இரும்பு. அதற்குப் பின்னால் 18 அங்குலத் தேக்கு!

திருகோணமலை உறவுகள் கவனியுங்கள். உங்கள் ஊர்ப் பெயரில் ஒரு கப்பல் இன்றும் மிதக்கிறது. 'டிரிங்கோமலீ' என்ற அந்தப் போர்க்கப்பலை மலபார் தேக்கில் கட்டியவர்கள் பம்பாயின் வாடியா குடும்பத்துப் பார்சிக் கைவினைஞர்கள். 1817 அக்டோபர் 12 அன்று நீரில் இறங்கியது. இங்கிலாந்து போய்ச் சேர்ந்ததும், போர் இல்லாத காலம் என்பதால், மேலே கூரை போட்டுச் சுமார் 25 ஆண்டுகள் சும்மா நிறுத்தி வைத்தார்கள். பிறகு கடலோடியது, பயிற்சிக் கப்பலானது. இப்போது ஹார்ட்ல்பூல் துறைமுகத்தில் அருங்காட்சியகமாக நிற்கிறது. 200 வருடம் தாண்டியும் அதன் பழைய தேக்கில் பெரும்பகுதி அப்படியே இருக்கிறது.

இவ்வளவு தாங்குகிற மரத்தைத் தேய்த்துக் கரைத்தது மனிதக் கைதான். நான் சொல்ல வந்தது அதைத்தான்.

பாய்மரக் காலத்தில் விடிவதற்கு முன்பே மாலுமிகளை எழுப்பி மேல்தளத்தைத் துலக்க விடுவார்கள். மணலைத் தூவி, கடல்நீரை ஊற்றி, மணற்கல்லால் தேய்க்க வேண்டும். அந்தக் கல்லுக்கு 'ஹோலிஸ்டோன்', அதாவது புனிதக் கல், என்று பெயர். முழங்காலிட்டுத் தேய்ப்பது ஜெபம் செய்வதைப் போல இருந்ததால் வந்த பெயர் என்பார்கள். பெரிய கல் 'பைபிள்', மூலை முடுக்குக்கான சின்னக் கல் 'பிரேயர் புக்'. பட்டினியும் பிரம்படியும் பார்த்த மனிதர்களின் கிண்டல் அது. கொட்டுகிற குளிரில், வெறுங்காலோடு, கால்சட்டையை முட்டிக்கு மேல் சுருட்டிக்கொண்டு செய்கிற வேலை. ஈரத் தளம் நோயைக் கொண்டுவருகிறது என்று கப்பல் மருத்துவர்களே சிலர் எதிர்த்தார்கள்.

சுத்தம் அவசியம்தான், மறுக்கவில்லை. வழுக்கும் தளத்தில் ஆள் விழுவான். ஆனால் தினமும் அப்படித் தேய்க்க வேண்டிய அழுக்கு எங்கிருந்து வரும்? சாதாரண மாலுமியாகப் போய்வந்து 1840-இல் தன் அனுபவத்தைப் புத்தகமாக எழுதிய ரிச்சர்ட் ஹென்றி டானா இதை வெளிப்படையாகவே சொல்கிறார்: கப்பலில் ஆட்களைச் சும்மா உட்கார விடக்கூடாது என்பதே சட்டம். வேலை இல்லாவிட்டால் சங்கிலித் துருவைச் சுரண்டச் சொல்வார்கள். பின்னாளில் அவர் வக்கீலாகி மாலுமிகளுக்காக வாதாடினார்.

கணக்கு எங்கே இடித்தது தெரியுமா? ஆளின் முட்டியில் இல்லை, கஜானாவில். எஃகுக் கப்பல்கள் வந்த பிறகும் தளத்துக்கு மேல் தேக்குப் பலகை பாவினார்கள், வெயிலில் சுடாது, கால் வழுக்காது என்று. அதையும் கல்லால் தேய்த்தார்கள். பலகை சீக்கிரம் மெலிகிறது, மாற்றிப் போடப் பணம் போதவில்லை என்று 1931-இல் அமெரிக்கக் கடற்படைத் துறையே கல் தேய்ப்பைக் கட்டுப்படுத்தி உத்தரவு போட்டது. அப்படியும் பழக்கம் முழுதாக ஒழியவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகும் பயிற்சி மாணவர்கள் வரிசையாக நின்று, கல்லின் குழியில் கம்பை ஊன்றித் தேய்க்கும் புகைப்படங்கள் உண்டு. நின்றுகொண்டு தேய்க்கலாம் என்பதுதான் அதில் முன்னேற்றம்!

உல்லாசப் படகுகளிலும் கப்பல்களிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. தேக்கு வெயிலில் வெள்ளிச் சாம்பல் நிறமாவது கெடுதல் இல்லை, அதன் இயல்பு. முதலாளிகளுக்குத் தேன் நிறம் பிடிக்கிறது என்பதற்காகத்தான் எண்ணெய், அமிலம், உப்புத்தாள் எல்லாம். தளத்துக்கு எண்ணெய் போட்டால் சில வாரங்களில் கறுத்து, பூஞ்சையும் பிடிக்கும். வார்னிஷ் பூசிய கைப்பிடிகளை வெயில் உரிப்பதால் வருடா வருடம் மறுபூச்சு வேண்டும், அதைத் தவிர்க்க முடியாது. தளத்துக்குக் கடல்நீரும் மென்மையான பிரஷும் போதும். மரத்தின் ரேகைக்குக் குறுக்கே தேய்க்க வேண்டும். ரேகையோடு அழுத்தித் தேய்த்தால் மென்மையான பகுதி கரைந்து வரிவரியாகப் பள்ளம் விழும். பலகை இடுக்குகளில் அடைத்த கறுப்புப் பசை மரத்துக்கு மேல் துருத்திக்கொண்டு நின்றால், அந்தத் தளம் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று அதை வைத்தே அளந்துவிடலாம்.

கரைந்ததை எங்கிருந்து நிரப்புவது? மலபார்க் காடு மெலிந்துவிட்டது என்று 1840-களிலேயே கலெக்டர் கானலி கவலைப்பட்டு, சாத்து மேனனைக் கொண்டு நிலம்பூரில் தேக்கு நட வைத்தார். அப்போது மலபார் நம் சென்னை மாகாணத்தில்தான் இருந்தது. உலகின் மிகப் பழைய தேக்குத் தோட்டம் அது. கண் பர்மாக் காடுகள் மேலும் திரும்பியது. படகுக்காரர்கள் இன்றும் கேட்பது அந்த மரத்தைத்தான். அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும், 2021-இல் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் மியான்மரின் அரசு மர நிறுவனத்தின் மீது தடை விதித்தன. இப்போது தேக்கைப் போலவே வரி போட்ட செயற்கைத் தளங்கள் வந்துவிட்டன. வெயிலில் அவை தேக்கைவிட அதிகமாகச் சுடுகின்றன.