பள்ளி புதுப்பிக்கும்போது கிதாபுகள் பத்திரம்!

மொரோக்கோவின் ஃபெஸ் நகரில், 859இல் ஃபாத்திமா அல்ஃபிஹ்ரி நிறுவிய கரவிய்யீன் பள்ளிவாசலின் நூலகத்தில் ஏறத்தாழ 4,000 கையெழுத்துப் பிரதிகள் உள்ளன. இப்னு கல்தூன் வக்ஃபு செய்த ‘கிதாபுல் இபர்’ பிரதியும் அவற்றுள் ஒன்று. ஈரக்கசிவால் கட்டடம் பழுதடைய, 2012இல் கட்டடக்கலைஞர் அஸீஸா ஷாவூனி தலைமையில் சீரமைப்பு தொடங்கியது. வடிகாலும், ஈரப்பதமும் வெப்பமும் கட்டுப்படுத்தப்பட்ட அறையும் அமைக்கப்பட்டன.

நம் மதரஸாக்களிலும் பழைய கிதாபுகள், அரபுத்தமிழ்ப் பிரதிகள் உண்டு. கொத்தனார் வரும் முன்பே அவற்றைப் பட்டியலிட்டு, படமெடுத்து, அட்டைப்பெட்டிகளில் வேறு கட்டடத்துக்கு மாற்றுங்கள். பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டினால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். சுவர்ப்பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகே திரும்ப அடுக்கி, பட்டியலோடு சரிபாருங்கள். சுவரை மீண்டும் கட்டலாம். ஒரே பிரதியாக உள்ள கிதாபு போனால் போனதுதான். அது நம்மிடமுள்ள அமானிதம்.