பப்பாளி மாவுப்பூச்சி

பப்பாளி மாவுப்பூச்சி (அறிவியல் பெயர்: பாராகாக்கஸ் மார்ஜினேட்டஸ்) என்பது செடிகளின் சாற்றை உறிஞ்சி வாழும் சிறு பூச்சியினம் ஆகும். பெயரில் பப்பாளி இருப்பினும் கத்தரி, செம்பருத்தி, கொய்யா, மரவள்ளி, மல்பெரி, பருத்தி முதலிய பல செடிகளையும் இது தாக்குகிறது. இந்தியாவில் 2008 ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் கண்டறியப்பட்ட இப்பூச்சி, இரண்டே ஆண்டுகளில் தமிழ்நாட்டின் மேற்கு மாவட்டங்களில் பெரும் இழப்பை ஏற்படுத்தியது. பூச்சிக்கொல்லிகளால் அடக்க முடியாத இது, 2010 இல் கொண்டுவரப்பட்ட ஓர் ஒட்டுண்ணிக் குளவியால் கட்டுக்குள் வந்தது. அந்தக் குளவி இன்றும் நம் தோட்டங்களில் வாழ்வதால், கொல்லைப்புறத்துப் பப்பாளியில் வெள்ளைப் படிவத்தைக் கண்டவுடன் என்ன செய்யக்கூடாது என்பதும் இவ்வரலாற்றிலிருந்து தெரிகிறது.

தோற்றமும் வாழ்க்கையும்

பெண் பூச்சி ஏறத்தாழ 2 மி.மீ. நீளமுள்ளது, இறக்கையற்றது. அதன் மஞ்சள் நிற உடலை மாவு தூவியது போன்ற வெண்ணிற மெழுகு மூடியிருக்கும். ஆண் பூச்சிக்கு இறக்கை உண்டு. பெண், பஞ்சு போன்ற பையினுள் 100 முதல் 600 வரை முட்டைகள் இடும். சுமார் பத்து நாட்களில் அவற்றிலிருந்து வெளிவரும் இளம்பூச்சிகள் ஊர்ந்து சென்று புதிய இடம் தேடும். காற்றும் எறும்பும், நாம் கொண்டு செல்லும் நாற்றும் பழமும் இவற்றைத் தொலைவிடங்களுக்குச் சேர்க்கின்றன. இவ்வினத்தைச் சாராயத்தில் இட்டால் உடல் நீலங்கலந்த கருமையாக மாறும். பிற மாவுப்பூச்சிகள் பலவற்றிலிருந்து பிரித்தறிய இது உதவுகிறது.

தாக்கப்பட்ட இலைகள் சுருண்டு மஞ்சளாகி உதிர்கின்றன. பூச்சி வெளியேற்றும் இனிப்பு நீர் இலையிலும் காயிலும் படிந்து, அதன்மேல் கரும்பூசணம் வளரும். இந்நீரை உண்ண வரும் எறும்புகள், மாவுப்பூச்சியை அதன் எதிரிகளிடமிருந்து காக்கவும் செய்கின்றன. செடியில் எறும்புச் சாரை தெரிந்தால் இலையின் அடிப்பக்கத்தைப் பார்ப்பது நல்லது.

பரவல்

இதன் தாயகம் மெக்சிகோவும் நடு அமெரிக்காவும் எனக் கருதப்படுகிறது. அங்கு இது பெரிய பீடையாக இருந்ததில்லை. இயற்கை எதிரிகள் உடன் வாழ்வதே காரணம் என்பர். ஓர் இனமாக 1992 இல் விவரிக்கப்பட்டது. கரீபியத் தீவுகளையும் புளோரிடாவையும் அடைந்து, பின்னர் பசிபிக் தீவுகளுக்கும் பரவியது. 2008 இல் இந்தோனேசியா, இலங்கை, இந்தியா ஆகிய மூன்று நாடுகளிலும் காணப்பட்டது. பூச்சி கடல் கடந்தது. அதன் எதிரிகள் உடன் வரவில்லை.

கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல், சேலம் மாவட்டங்களில் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி சாகுபடி கடுமையாகப் பாதிக்கப்பட்டது. பார்த்தீனியம், துத்தி போன்ற களைகளிலும் வாழ்ந்ததால், பயிரை அகற்றினாலும் பூச்சி வேலியோரத்தில் எஞ்சியிருந்தது.

பூச்சிக்கொல்லிகள் பயன் தராமை

மெழுகுப் போர்வையும் பஞ்சுப் பையும் மருந்து உடலையும் முட்டையையும் அடையவிடாமல் தடுக்கின்றன. எனவே தெளித்த சில நாட்களில் முட்டைகள் பொரிந்து மீண்டும் கூட்டம் பெருகும். மாறாக, மாவுப்பூச்சியை உண்ணும் பொறிவண்டுகளுக்கு இத்தகைய காப்பு இல்லாததால் அவை முதலில் மடிகின்றன. விவசாயிகள் திரும்பத் திரும்ப மருந்தடித்தும் பலன் காணாமைக்கு இதுவே விளக்கம். மல்பெரியில் வேறொரு இடரும் உண்டு: மருந்து படிந்த இலையைத் தின்றால் பட்டுப்புழுவே இறந்துவிடும்.

வீட்டில் மருந்து தெளிப்பதன் ஆபத்து இன்னும் நேரடியானது. தெளித்த காய் மறுநாளே சமையலுக்கு வந்துவிடும். மோனோகுரோட்டோபாஸ் மருந்தைக் காய்கறிகளில் பயன்படுத்துவதை இந்திய அரசு 2005 இலேயே தடைசெய்தது.

குளவியின் வருகை

பெங்களூரில் உள்ள, இன்று தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் எனப்படும் நிறுவனம், 2010 சூலையில் அமெரிக்க வேளாண் துறை மூலம் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோஃபேகஸ் பப்பாயே, அனகைரஸ் லோக்கி, சூட்லெப்டோமாஸ்டிக்ஸ் மெக்சிகானா ஆகிய மூன்று குளவியினங்களை வரவழைத்தது. தனிமைப்படுத்தி ஆய்ந்தபின், அதே ஆண்டு அக்டோபரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வழியாகக் கோவையில் வெளியிடும் பணி தொடங்கியது. இலங்கை இவ்வழியை ஓராண்டு முன்னரே, 2009 இல் மேற்கொண்டிருந்தது.

இவற்றுள் சிறப்பாக நிலைபெற்றது அசிரோஃபேகஸ் பப்பாயே. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இக்குளவி மனிதரைக் கொட்டுவதில்லை. இளம் மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். குளவிப்புழு உள்ளிருந்தே அதைத் தின்று வளர்ந்து, துளையிட்டு வெளியேறும். எஞ்சுவது பழுப்பு நிறமான வெற்றுக்கூடு. ஒரு சிற்றூருக்கு 100 குளவிகளை ஒருமுறை விட்டால் போதும் என்பது பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. மருந்துச் செலவோடு ஒப்பிட்டால் இவ்வெண் வியப்பளிப்பது. சில மாதங்களில் பூச்சித்தொகை பெருமளவு குறைந்தது.

உள்ளூர் எதிரிகளும் உண்டு. ஸ்பால்ஜிஸ் எபியஸ் என்னும் சிறு பட்டாம்பூச்சியின் புழு மாவுப்பூச்சிகளைத் தின்னும். அதன் கூட்டுப்புழு குரங்கு முகம் போலவே இருக்கும். தோட்டத்தில் கண்டால் நசுக்காமல் விடவும்.

வீட்டுத்தோட்டத்தில் கையாளும் முறை

தொடக்கத்தில் விசையுடன் நீரைப் பீய்ச்சி இலையின் அடிப்பக்கத்தைக் கழுவினாலே பெரும்பாலான பூச்சிகள் உதிரும். மிகுதியாகத் தாக்கப்பட்ட கிளைகளை வெட்டி அழிக்கலாம். ஆனால் அவற்றில் பழுப்பு நிறக் கூடுகள் இருந்தால் எரிக்கக்கூடாது. மெல்லிய கண்ணியுடைய வலைப்பையில் இட்டு, செடிக்கு அருகிலேயே சில நாட்கள் தொங்கவிட்டால் குளவிகள் வெளியேறித் தம் வேலையைத் தொடரும். எறும்புப் புற்றை அகற்றுவதும், வேலியோரத் துத்தியையும் பார்த்தீனியத்தையும் பிடுங்குவதும் தேவை.

இவை போதாதபோது மட்டும் வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிக்கலாம். 50 கிராம் வேப்பம்பருப்பை இடித்து, ஒரு லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து வடிகட்டி, சிறிது காதி சோப்பு கலந்து மாலையில் தெளிக்க வேண்டும். சோப்பு இல்லாவிட்டால் கரைசல் மெழுகின்மேல் ஒட்டாது வழிந்துவிடும். கூடுகள் தென்படும் செடியில் இதையும் தவிர்க்கலாம்.

தொடர்புடைய நிகழ்வு

2020 இல் கேரளத்தின் திருச்சூரில் மரவள்ளி மாவுப்பூச்சி என்னும் வேறோர் இனம் கண்டறியப்பட்டு, தமிழ்நாட்டு மரவள்ளி வயல்களிலும் பரவியது. ஆப்பிரிக்காவில் அதே பூச்சியை அடக்கிய அனகைரஸ் லோபெசி என்னும் குளவி பெனின் நாட்டிலிருந்து வரவழைக்கப்பட்டு, 2022 இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் விவசாயிகளுக்கு வழங்கப்பட்டது.