பல்கலைக்கழக இசைத்தலைமை

தஞ்சை இராசராசேச்சரத் திருக்கோயிலில் முதலாம் இராசராச சோழன் தன் 29-ஆம் ஆட்சியாண்டளவில் நிறுவிய திருப்பதியக் கட்டளை சைவ நன்மக்கள் பலரும் அறிந்ததொன்றாம். திருப்பதியம் விண்ணப்பஞ் செய்வார் 48 பேர், உடுக்கை வாசிப்பான் ஒருவன், கொட்டிமத்தளம் வாசிப்பான் ஒருவன் ஆக 50 பேர் அதன்படி அமர்த்தப்பெற்றனர். ஒவ்வொருவர்க்கும் நாளொன்றுக்கு முக்குறுணி நெல், ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளக்கப்பெற்றது. பன்னிரண்டு குறுணி கொண்டது ஒரு கலமாதலின், ஆண்டு முழுதுங் கூட்டின் ஒருவர்க்கு 90 கலத்திற்குச் சிறிது மேற்படும். அக்கோயிலிலேயே தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர்க்குத் தலைக்கு ஒரு பங்கென வகுத்தது 100 கலம். ஓதுவார் ஊதியமும் ஆடுவார் ஊதியமும் ஏறக்குறைய ஒத்த அளவினவாதல் இவற்றான் விளங்கும். பிற்காலத்து இவ்விரு கலையினரையும் உலகம் வேறுவேறு நிலையில் வைத்து நோக்கியது; சோழன் கணக்கில் அவ்வேறுபாடு பெரிதாகத் தோன்றவில்லை.

இக்கட்டளையிற் பலரும் வியப்பது தொகையையே. தொகையினும் வியக்கத்தக்கது அதன் இறுதிப் பகுதியாகும். விண்ணப்பஞ் செய்வாருள் ஒருவர் இறப்பினும் புறம் போயினும், அவர்க்கு அணுக்கராகிய உறவினர் அந்நெல்லைப் பெற்று அப்பணியைச் செய்தல் வேண்டும். அவ்வுறவினர் தாம் யோக்கியர் அல்லராயின், யோக்கியராயிருப்பார் ஒருவரை அமர்த்திப் பணி செய்வித்தல் வேண்டும். உறவினரே இல்லையாயின், அப்பணியில் எஞ்சி நிற்போர் தாமே தக்காரைத் தேர்ந்து அமர்த்துவர். வழிவழி உரிமையை அரசன் மறுத்தானல்லன். ஆயினும் உரிமைக்கு மேலே தகுதியை வைத்தான். அத்தகுதியை அளக்கும் பொறுப்பை அதிகாரிகள்பால் விடாது, உடன்பாடுவார்பால் விட்டான். இசையைக் கற்பிக்கும் கழகம் ஒன்றிற்குத் தலைவராதற்குரியார் யாவர், அவரைத் தெரிபவர் யாவர் என்னும் வினா, பல்கலைக்கழகங்கள் தோன்றுதற்குச் சற்றேறக்குறைய 900 ஆண்டு முன்னரே தமிழ்நாட்டில் எழுந்து, ஒருவாறு விடையும் பெற்றிருந்தது என்க.

இவ்வினா மீண்டும் எழுந்த இடம் தில்லை. செட்டிநாட்டரசர் அண்ணாமலைச் செட்டியார் 1920-இல் ஆண்டு மீனாட்சி கல்லூரியை நிறுவினர். அதனோடு ஏனைக் கல்லூரிகளும் கூடி 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமாயின. அவ்வாண்டிலேயே இசைக்கெனவும் ஒரு கல்லூரி அவரால் தோற்றுவிக்கப்பெற்றது. அதுகாறும் இசை குருகுலத்திற் பயின்ற கலையாகும். மாணாக்கன் ஆசிரியன் இல்லத்திற் பல்லாண்டு தங்கி, நீர் சுமந்து, தம்பூரா மீட்டி, ஆசிரியன் பாடுங்கால் உடன்பாடிக் கற்றான். எப்பாட்டை எப்பொழுது கற்பிப்பது என்பது ஆசிரியன் உள்ளத்தில் மட்டும் இருந்தது. கல்லூரியிலோ மணிக்கணக்கு உண்டு, நான்காண்டுப் பாடத்திட்டம் உண்டு, தேர்வு உண்டு, தேர்வின் முடிவிற் பட்டம் உண்டு. ஒருவனுக்குப் பாடிக்காட்டுதல் ஒன்று. முப்பதின்மர்க்கு ஓராண்டில் இன்னின்ன உருப்படிகள் என வகுத்து, அவற்றைப் பிற ஆசிரியர் வாயிலாகப் பிழையின்றிக் கற்பித்து, முடிவில் இவன் தேறினான், இவன் தேறிலன் எனக் கையொப்பமிடுதல் முற்றும் வேறொன்று. பாட்டில் வல்லார் எல்லாரும் இப்பிற்கூறியதில் வல்லராதல் இல்லை.

முதற்கண் இத்தலைமையை ஏற்றவர் சபேச ஐயர். அவர் மகாவைத்தியநாத ஐயரின் மாணாக்கர். மகாவைத்தியநாதரை இளமையிலேயே கல்லிடைக்குறிச்சியில் மகா என்னும் அடைமொழி தந்து சிறப்பித்தவர் திருவாவடுதுறை ஆதீனம் சுப்பிரமணிய தேசிகர் என்பதைத் தமிழ்வரலாறு வல்லார் அறிவர். அம்மகாவைத்தியநாதரின் தமையனார் இராமசாமி சிவன் பெரியபுராணத்தைக் கீர்த்தனையாக்கியவர். ஆகவே சைவ மடத்து நிழலிற் செழித்த ஒரு கிளையே முதன்முதற் பல்கலைக்கழக இசைக்கு வித்தாயிற்று. இசை மடத்தினின்று நீங்கிப் பல்கலைக்கழகத்துட் புகுந்தது என்று பொதுவாகக் கூறுவார் கூற்று முழுதும் பொருந்தாமை இதனாற் பெறப்படும். முசிரி சுப்பிரமணிய ஐயரும் சபேச ஐயர்பாற் பயின்றவரே. சென்னையில் 1949-இல் அரசினர் கருநாடக இசைக் கல்லூரியைத் தொடங்கியபோது, அதன் முதல் தலைவராக அமர்ந்தவர் அவர். ஓர் ஆசிரியரின் வழி ஈரிடத்துத் தலைமைக்குப் பயன்பட்டது.

அண்ணாமலைநகரில் பணிபுரிந்த ஏனைப் பெருமக்களுள் டைகர் வரதாச்சாரியாரும் தஞ்சை பொன்னையா பிள்ளையும் தனித்துக் கூறத்தக்கார். வரதாச்சாரியார் மனோதருமத்திற்குப் பெயர்பெற்றவர். அவர் குரல் இனிமையிற் குறைந்ததென்பார் உளர். கற்பனையிற் குறைந்ததென்பார் எவருமிலர். பொன்னையா பிள்ளை தஞ்சை நால்வர் எனப்படும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய உடன்பிறந்தார் மரபில் வந்தவர். அந்நால்வர் சரபோசி மன்னர் காலத்தில் ஆடற்கலைக்கு இற்றைநாட் கச்சேரி முறையை வகுத்தவர். தஞ்சைப் பெருவுடையார் கோயிற்றொண்டில் ஈடுபட்டவர். இராசராசன் ஓதுவாரையும் ஆடுவாரையும் நிறுத்திய அதே திருமுன்றிலிலிருந்து வந்த மரபினர் ஒருவர், 20-ஆம் நூற்றாண்டில் பல்கலைக்கழக வகுப்பறையில் அமர்ந்து கற்பித்தார். தம் முன்னோர் உருப்படிகளைத் தஞ்சைப் பெருவுடையான் பேரிசை என்னும் நூலாகச் சுரதாளக் குறிப்போடு வெளியிட்டவரும் அவரே. குடும்பத்தின் முதுசொம்மாகப் பூட்டிவைக்கப்பெற்றதை மாணாக்கர் யாவர்க்கும் திறந்து வைத்தல் எளிய செயலன்று. தம் வீட்டு உருப்படி பிறர் வாயிற் சிதைதலை அஞ்சி, அதனைத் தம்மொடு கொண்டு மாண்ட வித்துவான்கள் தமிழ்நாட்டிற் பலர்.

இனி 1941-ஆம் ஆண்டு. அவ்வாண்டு ஆகத்து மாதத்தில் அண்ணாமலைநகரில் தமிழிசை மாநாடு கூடியது. தமிழ்நாட்டு அரங்குகளில் தமிழ்ப்பாட்டு முதலிடம் பெறல் வேண்டும் என்பது அதன் கருத்து. அவ்வாண்டின் இறுதியிற் சென்னைச் சங்கீத வித்வத் சபையார், இசையின் உயர்தரம் ஒன்றே பேணத்தக்கது, மொழிபற்றிய எண்ணம் அதனிடைப் புகலாகாது என்னும் கருத்தினராய்த் தீர்மானஞ் செய்தனர். இருசாராரும் எழுதியவை பல. சினத்தில் எழுதியவையும் உள. அவற்றையெல்லாம் ஈண்டு விரித்தல் வேண்டா. இசைத்தலைமைக்கு இதனால் நேர்ந்தது என்னை என்பதே நோக்கத்தக்கது.

கல்லூரியில் ஆசிரியராக இருந்தார் தியாகையர் முதலியோர் உருப்படிகளிலேயே ஊறியவர். அவர் கற்றவை அவை. அவற்றின் பாடாந்தரம் ஐயத்திற்கு இடமின்றி இருந்தது. தமிழ்ப்பாட்டின் நிலைமையோ வேறு. சீகாழி முத்துத்தாண்டவர், தில்லைவிடங்கன் மாரிமுத்தாப் பிள்ளை ஆகியோர் பாட்டுக்கள் சொல்லாகக் கிடைத்தன. அவற்றின் பழைய வர்ணமெட்டுப் பெரும்பாலும் மறைந்தொழிந்தது. சொல் இருந்து பண் இல்லாத பாட்டை எவ்வாறு பாடத்திட்டத்துள் வைப்பது? தலைவர் ஆணையிட்டால் மட்டும் பாட்டு வந்துவிடாது. எனவே இசை வல்லார் புதிது மெட்டமைத்தல் வேண்டியதாயிற்று. அமைத்ததைச் சுரப்படுத்தல் வேண்டியதாயிற்று. சுரப்படுத்தியதை அச்சிடல் வேண்டியதாயிற்று. பல்கலைக்கழகத்தார் தமிழிசைப் பாடல்கள் என்னும் பெயரால் தொகுதி தொகுதியாக வெளியிட்ட நூல்கள் இவ்வாறு எழுந்தவையே. பழைய மெட்டன்று, புதுமெட்டு என்று இவற்றைக் குறைகூறுவார் கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. அங்ஙனங் குறைகூறுவார் பழைய மெட்டைக் காட்டுவாரல்லர். மாநாட்டு மேடையில் ஒரு நாளில் முடிந்த தீர்மானம், கல்லூரியறையில் முடிதற்குப் பல்லாண்டு வேண்டியிருந்தது. தலைமையின் உழைப்பில் உலகறியாத பகுதி இதுவேயாம். சென்னையில் 1943-இல் தோன்றிய தமிழிசைச் சங்கத்தார் நடத்திய விழாக்களிற் பாடுவார்க்கு வேண்டிய பாட்டின் ஒரு பகுதி இவ்வுழைப்பினின்றே கிடைத்தது.

தேவாரத்தின் நிலை இவ்விரண்டினும் வேறுபட்டது. அதன் இசை ஓதுவார் மிடற்றில் உயிரோடு இருந்தது. தக்கேசியைக் காம்போதியாகவும், பழம்பஞ்சுரத்தைச் சங்கராபரணமாகவும், மேகராகக்குறிஞ்சியை நீலாம்பரியாகவும், புறநீர்மையைப் பூபாளமாகவும் அவர் வழிவழிப் பாடிவந்தனர். பண்ணுக்கும் இராகத்திற்கும் உள்ள இவ்வியைபு எத்துணைப் பழமையுடைத்து என்பது ஆராய்ச்சிக்குரியது. ஆராய்ச்சி செய்யப் புகுந்தோர் பெரும்பாலும் இசைக்கல்லூரியார் அல்லர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1931 முதல் 1933 வரை தமிழ்ப் பேராசிரியராக இருந்த விபுலாநந்த அடிகள் பழந்தமிழ் யாழ்களையும் பண்களையும் ஆராய்ந்து இயற்றிய யாழ்நூல், 1947-ஆம் ஆண்டு சூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் இறைவனடி எய்தினர். யாழ்நூலை எழுதியவர் தமிழ்த்துறையார். தேவாரத்தைப் பாடினார் திருக்கோயிலார். கச்சேரி இசையைக் கற்பித்தார் இசைத்துறையார். மூவகையும் ஒரு தலைமையின்கீழ் வந்து கூடாமையே பண்ணாராய்ச்சி நெடுங்காலம் ஏட்டளவில் நின்றமைக்குக் காரணம் எனல் மிகையன்று.

அம்மூன்றும் ஒருவரிடத்தே ஓரளவு கூடியதும் உண்டு. எஸ். இராமநாதன் என்பார் அண்ணாமலைநகரில் மேற்கூறிய ஆசிரியன்மார்பாற் பயின்று சங்கீதபூஷணம் பட்டம் பெற்றவர். கச்சேரி பாடினார், பிற்காலத்து அமெரிக்க நாட்டு வெசுலியன் பல்கலைக்கழகத்தில் சிலப்பதிகார இசையை ஆராய்ந்து முனைவரானார். கல்லூரி எண்ணித் திட்டமிட்டு அவரை அவ்வாறு ஆக்கிற்றெனக் கூறல் இயலாது. பாட வல்லானுக்கு ஏடும் ஏடு வல்லானுக்குப் பாட்டும் எட்டும் தொலைவில் இருந்தன. அவற்றை எட்டிப் பிடிக்கும் கையுடையார் ஒருவர் வந்தார்.

தண்டபாணி தேசிகர் 1952-இல் இசைத்துறைத் தலைமையை ஏற்றமை இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். அவர் சிறுத்தொண்ட நாயனார் திருவடி பட்ட திருச்செங்காட்டங்குடியில் 1908-இல் தேவாரம் ஓதும் மரபிற் பிறந்தவர். கும்பகோணம் இராசமாணிக்கம் பிள்ளைபால் இசை பயின்றார். பட்டினத்தார், தாயுமானவர், மாணிக்கவாசகர், நந்தனார் முதலிய திரைப்படங்களில் நடித்து நாடெங்கும் அறியப்பெற்றார். பட்டத்தின் வழியே தலைமைக்கு வந்தவரல்லர். ஓதலின் வழியே வந்தவர். திருக்கோயிலில் முக்குறுணி நெல்லுக்குரிய பணியின் வழித்தோன்றல் ஒருவர் பல்கலைக்கழகத் துறைக்குத் தலைவராக அமர்ந்தது அதுகாறும் நிகழாதது. பதினைந்தாண்டு அப்பணியில் இருந்து 1967-இல் நீங்கினார். திரைப்படத்தில் நடித்தவரைப் பல்கலைக்கழகத்தில் அமர்த்தலாமோ என அந்நாளில் முகஞ்சுளித்தாரும் இருந்திருப்பர். தேவாரத்தைத் திரையரங்கின் கடைசி வரிசை வரை கொண்டு சேர்த்த குரல், வகுப்பறையின் கடைசி வரிசையையும் எட்டும் என்பதை அவர் நினைந்திலர் போலும்.

இலங்கையில் இம்முயற்சி சிறிது வேறு வகையில் நடந்தது. யாழ்ப்பாணத்து மருதனார்மடத்தில் சு. நடேசபிள்ளை 1960-இல் தொடங்கிய இராமநாதன் இசைக்கல்லூரிக்கு மகாராசபுரம் சந்தானம் தலைவராக இருந்தார். தனியார் அறத்தால் எழுந்த அது 1975-இற் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. மட்டக்களப்பில் விபுலாநந்த அடிகள் பெயரால் அமைந்த கழகம் பின்னர்க் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் உறுப்பாயிற்று. ஈரிடத்தும் இசையோடு நடனமும் ஒரு குடைக்கீழ்க் கற்பிக்கப்பெறுகின்றது. ஓதுவாரும் ஆடுவாரும் ஒரு பண்டாரத்திற் பெற்ற தஞ்சை முறைக்கு இது அணித்து.

தேசிகர் நீங்கிய பின்னர்க் காலம் வேறாயிற்று. பல்கலைக்கழக ஆசிரியர்க்கெல்லாம் ஒரே வகைத் தகுதி வேண்டும் என்னும் முறை நாடெங்கும் பரவியது. முதுகலை, தகுதித்தேர்வு, முனைவர் பட்டம் என்னும் இவை இயற்பியலாசிரியர்க்கும் இசையாசிரியர்க்கும் ஒன்றாயின. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ஆட்சியும் 2013-இல் தமிழ்நாட்டரசின்பாற் சென்றது. இம்முறையின் நன்மையை மறுத்தல் முறையன்று: வேண்டியவர், உறவினர் என்னும் காரணத்தால் அமர்த்துதலை இது ஓரளவு தடுக்கும். ஆயினும் ஆறு வயது முதற் பண்ணோதி நாற்பது வயதிற் பன்னிரு திருமுறையிலும் கைவந்த ஓதுவார் ஒருவர் இம்முறையில் வாயிலிலேயே நின்றுவிடுவார். தண்டபாணி தேசிகர் இற்றைநாள் விண்ணப்பித்தால் அவர் விண்ணப்பம் எவ்வடுக்கில் வைக்கப்பெறும் என்பது எண்ணத்தக்கது.

இக்குறையை மானியக் குழுவினரும் உணராமலில்லை. அவர் 2010-இலும் 2018-இலும் வகுத்த விதிகளில், இசை, நடனம் முதலிய துறைகளில் ஆசிரியப்பணி புகுவார்க்கு இரண்டாவது வாயில் ஒன்று வைத்தனர். புகழ்பெற்ற மரபாசிரியரிடம் பயின்று, வானொலி தொலைக்காட்சி நிலையத்தாரால் ஏ தரக் கலைஞர் என மதிக்கப்பெற்று, தம் கலையைக் காரணங்காட்டி விளக்கவும் வல்லார் அவ்வாயிலாற் புகலாம். மரபிற் பயின்றார்க்கு இடமளித்தமை பாராட்டற்பாலது. அவ்விடத்தும் தகுதியளப்பவர் யார் என்னும் பழைய வினாவே மீண்டு வருகின்றது. வானொலி நிலையத்தின் தரம் கச்சேரி பாடுவாரைக் கருத்துட்கொண்டு எழுந்தது. பதிகம் முழுவதையும் பண் பிறழாது, சொல் சிதையாது, ஏடின்றி ஓதும் ஆற்றலை அளத்தற்கு அஃது அமைந்ததன்று. அவ்வாற்றலை அறிந்து சொல்லவல்லார் உடனோதும் ஓதுவாரே. இராசராசன் கட்டளை நாற்பத்தெண்மருள் ஒருவர் குறைந்து உறவினரும் இல்லாதவிடத்து எஞ்சிய நாற்பத்தெழுவரைக் கேட்டது; 2018-ஆம் ஆண்டு விதி அவரைக் கேட்கும் இடம் ஒன்றும் வைத்திலது.