குண்டு குழலைவிடச் சின்னதா, பெருசா?

1781 ஜூலை 1. பரங்கிப்பேட்டையில் ஐதர் அலியின் படையும் அயர் கூட்டின் ஆங்கிலேயப் படையும் மோதின. அன்றைய ஆங்கிலேயப் படையின் வழக்கமான துப்பாக்கி 'பிரவுன் பெஸ்'. அதன் குழல் விட்டம் சுமார் 19 மி.மீ. வார்த்த ஈயக் குண்டோ 17.5 மி.மீ.தான்!

ஏன் இவ்வளவு லூஸ்? மருந்தையும் குண்டையும் குழலின் வாய்வழியாகப் போட்டு இடிக்கணும். பல முறை சுட்டால் உள்ளே கரி படியும். டைட்டான குண்டு பாதியில் சிக்கினால், எதிரே குதிரைப்படை வரும்போது கதை கந்தல்தான். குறி தப்பினாலும் பரவாயில்லை, வேகம் வேணும்.

இன்றைய செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டலில் கணக்கு தலைகீழ். குழலுக்குள் திருகு வரிப்பள்ளங்கள் உண்டு. வார்த்த ஈயக் குண்டு அந்தப் பள்ள விட்டத்தைவிட ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்காவது பெரிதாக இருக்கணும். 9 மி.மீ. பிஸ்டலில் பள்ளம் 0.355 அங்குலம் என்றால் குண்டு 0.356. சின்னதாகப் போனால் சூடான வாயு ஓரமாகக் கசிந்து, ஈயம் குழலில் அப்பிக்கொள்ளும். ரொம்பப் பெருசானால் தோட்டா அறைக்குள் முழுசாக உட்காராது, பிஸ்டல் ஜாம். அதனால் விவரம் தெரிந்தவர்கள் மென்மையான ஈயத்துண்டைக் குழலில் தள்ளி எடுத்து, மைக்ரோமீட்டரில் அளந்த பிறகே குண்டு அளவை முடிவு செய்கிறார்கள்.

அமெரிக்காவில் இது பலருக்கும் பொழுதுபோக்கு. நம்மூரில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம்.