ஆறு பென்ஸ் சிப்பாயின் இலக்கணம்

ஆங்கில இலக்கணம் என்றதும் கான்வென்ட் பிள்ளைகள்தான் ஞாபகம் வருகிறார்களா? 1818இல் வெளிவந்த ஓர் இலக்கண நூல் சிப்பாய்களுக்கும் மாலுமிகளுக்கும் ஏர் ஓட்டும் பையன்களுக்கும் எழுதப்பட்டது. எழுதியவர் வில்லியம் காபெட்.

இங்கிலாந்தில் சிறு விவசாயி வீட்டுப் பிள்ளை. சின்ன வயதில் வயலில் குருவி விரட்டியவர். அப்பாவிடம் எழுதப் படிக்கக் கற்றதோடு சரி. 1784இல் பட்டாளத்தில் சேர்ந்தார். நாளுக்கு ஆறு பென்ஸ் சம்பளம். பேனாவோ காகிதமோ வாங்கினால் அன்றைக்குச் சாப்பாட்டில் குறையும். படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து, மடியில் பலகை வைத்துப் படித்தார். பிஷப் லௌத்தின் இலக்கண நூல் முழுவதையும் கையால் பிரதி எடுத்து, மனப்பாடம் செய்து, காவல் நிற்கும்போது ஒப்பித்தார்.

பட்டாளத்தை விட்டதும், அதிகாரிகள் சிப்பாய்களின் கூலியைத் தின்பதாகப் புகார் கொடுத்தார். எதிர்வழக்குக்குப் பயந்து 1792இல் நாட்டைவிட்டு ஓடவேண்டி வந்தது. அமெரிக்காவில் பிரெஞ்சு அகதிகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். 1795இல் அவர்களுக்காகப் பிரெஞ்சிலேயே ஓர் ஆங்கில இலக்கணம் எழுதினார். காபெட்டின் தெளிவு இந்த வகுப்புகளில்தான் கூர்மையானது என்பது என் எண்ணம். நமக்குப் பழகிய வாக்கியத்தைப் பார்த்து இன்னொருவர் "ஏன் இப்படி?" என்று கேட்கும்போதுதான் நமக்கே அது புரியவில்லை என்று தெரிகிறது.

1818 நூல் மகனுக்கு எழுதிய கடிதங்களாக இருக்கிறது. பிழைக்கு உதாரணம் எங்கிருந்து எடுக்கிறார் தெரியுமா? மன்னரின் உரையிலிருந்து! கூட்டத்தைக் குறிக்கும் பெயர்ச்சொற்களில் பாராளுமன்றத்தையும் திருடர் குகையையும் ஒரே வரிசையில் வைக்கிறார். 'இட்' என்று எழுதுமுன் அது எதைக் குறிக்கிறது என்று ஒவ்வொரு முறையும் பார் என்கிறார்.

கறுப்பின மக்களையும் யூதர்களையும் இழிவாக எழுதியவரும் இதே காபெட்தான். அடிமை ஒழிப்புக்காரர்களை ஏளனம் செய்தார். உழைப்பவனுக்காகப் பேசியவரின் கண்ணில் அடிமையும் உழைப்பவன் என்பது படவில்லை. இதை மறைத்துவிட்டு அவரைப் படிக்க எனக்கு விருப்பமில்லை.

'இட்' பாடத்தை மட்டும் எங்கள் மாலை வகுப்பில் எடுத்தேன். ஒரு மாணவி புகார் மனு எழுதி வந்திருந்தாள்: "அவர்கள் வழியை மறித்தார்கள். அவர்களிடம் சொன்னோம். அவர்கள் வரவில்லை." மூன்று 'அவர்கள்'. வழியை மறித்தவர்கள், கிராம நிர்வாக அலுவலர், போலீஸ். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுக்கும்போது யார், என்று, எங்கே என்பது மனுவில் தெளிவாக இருக்க வேண்டும். இரண்டாவதையும் மூன்றாவதையும் உடனே திருத்திவிட்டாள். முதலாவதில் பெயர்களை எழுதத் தயங்கினாள். வீட்டில் கேட்டுவிட்டு மறுநாள் எழுதிக்கொண்டு வந்தாள்.