எண்ணிக்கைக்குள் வராத குழந்தை

பூந்தமல்லியில் காலை வேளையில் அம்பத்தூர் எஸ்டேட் பஸ்ஸுக்கு நிற்கும் பெண்களிடம் 'புள்ளைய யார் பாத்துக்கிறாங்க?' என்று கேட்டால், அம்மா, மாமியார், பக்கத்து வீட்டு அக்கா என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். அரசு அந்தப் பதிலில் இல்லை. இந்த இன்மைக்கு ஒரு வரலாறு உண்டு.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் அவர்களது 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. 1976இல் அந்த எண் 30 ஆயிற்று. முன்னேற்றம்தான். ஆனால் எண்ணப்பட்டவர்கள் பெண்கள் மட்டுமே. 500 ஆண்கள் உழைத்த ஆலைக்குக் காப்பகம் தேவைப்படவில்லை. அவர்களெல்லாம் பிள்ளை இல்லாதவர்களா என்ன? பிள்ளை தாயின் பாடு என்ற குடும்ப நியாயமே சட்டத்தின் கணக்காயிற்று. முப்பதாவது பெண்ணோடு ஆளெடுப்பை நிறுத்திக்கொள்ள முதலாளிக்கும் வழி கிடைத்தது.

1975 அக்டோபரில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டமும், 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவுத் திட்டமும் பிள்ளையின் பசியைப் பார்த்தன. அது சின்ன விஷயமில்லை. அம்மாவின் ஷிப்டை அவை பார்க்கவில்லை. ஷிப்டு முடியுமுன்பே பால்வாடி பூட்டிவிடும்.

2017இன் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் ஆண்களையும் சேர்த்து 50 ஊழியர்கள் என்று எண்ணியது. பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறையும் வீட்டுவேலைக்குப் போகிறவளும் அப்போதும் வெளியேதான்.

குறைந்த செலவில் காப்பகம் என்று கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். ஆனால் செலவு குறைவது யார் தலையில்? அங்கன்வாடிப் பணியாளருக்கு மத்திய அரசு தருவது சம்பளமல்ல, 'மதிப்பூதியம்'. மாமியாருக்கு அதுவுமில்லை. கோரிக்கையை இவர்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.